லைன் சூப்பர்வைசர்களுக்கு மனநல முதலுதவி

ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் மனநலப் பயிற்சி என்றால் ஒரு மணி நேரப் பேச்சு, குரூப் போட்டோ, பிஸ்கட். ஒன்றும் ஒட்டாது. மனநல முதலுதவி என்றால் மனசு சரியில்லாதவரைக் கவனித்து, காது கொடுத்து, உதவி கிடைக்கிற இடத்துக்கு அனுப்புவது. அதை சூப்பர்வைசர்கள் ரெண்டு ரெண்டு பேராக உட்கார்ந்து பேசிப் பழகணும்.

தையல் லைனில் ஒருத்தர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடுகிறாரா? டார்கெட் நேரத்தில், மெஷின் சத்தத்தில் கேட்காதீர்கள். டீ பிரேக்கில் தனியாக, "ரெண்டு வாரமா சரியா சாப்பிடறதில்லையே, என்னாச்சும்மா?" அவ்வளவுதான். அப்புறம் காது மட்டும். பலரும் சறுக்குவது இங்கேதான்: உடனே அறிவுரை, கோயில், "எல்லாருக்கும் இருக்கிறதுதானே".

சாகிற எண்ணம் வருதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாமல் 14416-க்கு போன் (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும், இலவசம்). நேரில் என்றால் வேலூர் பாகாயத்தில் சிஎம்சி ஆஸ்பத்திரியின் மனநல மையம். கேட்டதை ஹெச்ஆரிடம் உளறினால் அடுத்தவர் வாயே திறக்கமாட்டார். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்லலாம், அதையும் அவரிடம் சொல்லிவிட்டு.