கடல் தொட்டிக்கு பைப் போட்ட கதை

மீன் வளக்குறது எனக்குப் புதுசு இல்ல, கொளத்தூர்ல கப்பி மீன் வாங்கிட்டு வந்த காலத்துல இருந்து பழக்கம்தான். ஆனா உப்புத்தண்ணி தொட்டின்னு இறங்குனப்புறம்தான் தெரிஞ்சது, இது முக்கால்வாசி பிளம்பிங் வேலை, மீன் எல்லாம் கடைசில வர்ற விருந்தாளி.

தொட்டி 4 அடி நீளம், 2 அடி அகலம், 20 அங்குலம் உயரம். கண்ணாடி ஒட்டுறப்பவே ஓட்டை போட்டுத் தரச் சொல்லிட்டேன். கீழ ஸ்டாண்டுக்குள்ள சம்ப், அதாவது தண்ணி சுத்தமாகுற குட்டித் தொட்டி, அது 30க்கு 15க்கு 15 அங்குலம். மேல இருந்து தண்ணி பைப் வழியா தானா சம்புக்கு இறங்கும், அங்க ஸ்கிம்மர் அழுக்கெடுக்கும், அப்புறம் மோட்டார் மறுபடி மேல தள்ளும், அவ்ளோதான் விஷயம். கேக்க ஈசியா இருக்குல்ல?

எங்க தெரு பிளம்பர் அண்ணனைக் கூப்பிட்டேன். நல்ல வேலைக்காரர், ஆனா வந்ததும் பைல இருந்து பித்தளை கேட் வால்வ எடுத்து வைக்கிறார். "அண்ணே, பித்தளை வேணாம், அதுல செம்பு இருக்கு, உப்புத்தண்ணில கரைஞ்சா இறால், நத்தை எல்லாம் செத்துரும்"னு சொன்னா, "தம்பி, ஊருக்கே தண்ணி இதுலதான் போவுது"ங்கிறார். பிளாஸ்டிக்ல பால் வால்வுதான் கடைக்குக் கடை கிடைக்குது, கேட் வால்வு ஆன்லைன்ல சொல்லி வர ஒன்பது நாள் ஆச்சு. ஏன் கேட் வால்வேதான்னு நிக்கிறேன்னா, இறங்குற பைப்ப சும்மா தொறந்து விட்டா காத்தும் தண்ணியும் கலந்து ராத்திரி பூரா குளுகுளுன்னு கக்கூஸ் ஃப்ளஷ் பண்ற மாதிரி சத்தம். வால்வ கொஞ்சமா மூடி பைப் முழுக்க தண்ணி நிரம்பி இறங்குற மாதிரி வச்சா சத்தமே இருக்காது, ஆனா அதுக்கு நூல் அளவு திருப்பணும், பால் வால்வுல அந்த நுணுக்கம் வராது. பக்கத்துலயே இன்னொரு பைப் சும்மா காலியா நிக்கும், மெயின் பைப்ல நத்தை கித்தை போய் அடைச்சுக்கிட்டா தண்ணி தரைக்கு வராம அதுல இறங்கிரும்.

தொட்டி ஓட்டைல பைப்ப சேக்குற டேங்க் நிப்பிள் மாட்டுறப்ப அண்ணன் ரெஞ்ச எடுத்தார் பாருங்க, எனக்கு உயிரே போயிருச்சு. அது சின்டெக்ஸ் டேங்க் இல்ல, கண்ணாடி. வாஷர் உள்பக்கம், கையால இறுக்கிட்டு அதுக்கு மேல ஒரு கால் சுத்து, போதும். மோட்டார் டப்பால மணிக்கு 3000 லிட்டர்னு போட்டிருக்கு, அஞ்சடி மேல ஏத்தி 20 லிட்டர் பக்கெட்ட வச்சுப் பாத்தா நிறைய 40 செகண்ட் ஆவுது, அப்போ 1800தான்.

இனிமேதான் நான் பண்ண முட்டாள்தனம். மேல தண்ணி விடுற நாசில தண்ணி மட்டத்துக்கு 4 அங்குலம் கீழ வச்சிருந்தேன், பாக்க அழகா இருக்கும்னு. மோட்டார் நின்னா தண்ணி அதே பைப் வழியா பின்னாடி உறிஞ்சிக்கிட்டு இறங்கும்னு தெரியும், அதுக்குத்தான் என்ஆர்வி, தண்ணிய ஒரு பக்கமா மட்டும் விடுற வால்வு, போட்டாச்சேன்னு மெதப்பு. முதல்ல சாதா தண்ணி ஊத்தி டெஸ்ட் பண்ணப்ப சொட்டு இறங்கல. மூணாவது வாரம், உப்பு, மணல் எல்லாம் போட்டு மீனுக்கு விஷமான அம்மோனியா இறங்கட்டும்னு வெறும் தொட்டிய ஓட்டிட்டு இருக்கேன், ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் போச்சு. அம்மா தண்ணி குடிக்க எழுந்திருச்சு, "டேய், ஹால்ல கால் நனையுதுடா"ன்னு கத்துறாங்க. என்ஆர்வி வாய்ல ஒரே ஒரு மணல் துகள்!

அப்புறம்தான் உக்காந்து கணக்கு போட்டேன். என் தொட்டில ஒரு அங்குலம் தண்ணின்னா கிட்டத்தட்ட 19 லிட்டர், நாலு அங்குலம் 76. சம்புல 9 அங்குலம் தண்ணி ஓடுது, மிச்ச இடம் 44 லிட்டர்தான். மீதி 30 சொச்சம் லிட்டர் உப்புத்தண்ணி ஸ்டாண்டு பிளைவுட்லயும் ஹால்லயும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ வேற கீழயே போட்டிருந்தேன், கரண்ட் திரும்பி வந்ததும் கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற ஆர்சிசிபி ஸ்விட்ச் டப்புனு விழுந்துச்சு, அது மட்டும் இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு நினைக்கவே பிடிக்கல.

இப்போ நாசில் மட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழ, பைப்ல தண்ணி மட்டத்த ஒட்டி 5 மிமீ ஓட்டை ஒண்ணு. தண்ணி கொஞ்சம் இறங்குனதும் ஓட்டை வழியா காத்து போயி உறிஞ்சுறது நின்னுரும். மெயின ஆஃப் பண்ணிப் பாத்தா சம்புல மூணு அங்குலம் சொச்சம்தான் ஏறுது. அந்த ஓட்டைல பாசி அடைக்கும், அதனால வாரா வாரம் பழைய டூத் பிரஷ். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சுவத்துல உயரமா ஏறிடுச்சு, ஒயர் எல்லாம் தொங்கி வளைஞ்சு போற மாதிரி, தண்ணி வழிஞ்சாலும் பாக்ஸுக்குப் போகாம கீழ சொட்டிரும்.

மத்தது சுருக்கமா. தண்ணிக்கு ஆர்ஓ பத்தாது, மிச்சம் கரைஞ்சிருக்குற உப்பையும் பிடிக்கிற டிஐ ரெசினும் போட்டு, கரைஞ்சத அளக்குற டிடிஎஸ் 0 வர்ற வரைக்கும் விடல. உப்பு லிட்டருக்கு 35 கிராம் கணக்குல மொத்தம் 14 கிலோ போல போச்சு. ஆவியாப் போறதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும், உப்பு ஆவியாவாது. மே மாசத்துல தண்ணி 32 டிகிரி, ஃபேன் இந்தப் புழுக்கத்துல ஒண்ணும் கிழிக்கல, சில்லர் வாங்கி 26ல நிக்குது, ஆனா அது கக்குற சூட்டுல ஹால்ல நாங்க வேகுறோம். மாமா ஒருத்தர் "பெசன்ட் நகர்ல ரெண்டு குடம் மொண்டா ஆச்சு, இதுக்குப் போய் காசா"ன்னாரு, அடையாறு கலக்குற இடத்துக்குப் பக்கத்துத் தண்ணி மாமா அது.

பவளம் எங்கன்னு கேப்பீங்க. கல் பவளம் 1972 வனவிலங்குச் சட்டத்துல பட்டியல் 1ல இருக்கு, யாராவது ரகசியமா நீட்டுனாலும் வாங்காதீங்க. என்கிட்ட செராமிக் பாறை, பண்ணைல பொரிச்ச க்ளவுன் மீன் ஜோடி, ரெண்டு கிளீனர் இறால், நத்தைங்க, அவ்ளோதான்.

பைப்ப கழட்டி மாட்டுற யூனியன் ஜாயிண்ட் ஒண்ணுல மட்டும் வெள்ளையா உப்பு பூக்குது, தொட்டா ஈரம் தெரியல, ஆனா தொடச்சா ரெண்டு நாள்ல திரும்ப வருது. ஞாயித்துக்கிழமை ஓ-ரிங் மாத்தணும்.