தலைக்கு மேல் எழாத கை: பிக்கிள்போலும் என் தோளும்

கொழும்பின் காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸில் மேற்கம்பியைப் பிடிக்க வலது கையை உயர்த்தியபோதுதான், என் தோளில் இருந்தது வெறும் களைப்பு அல்ல என்பது எனக்கு உறைத்தது. கை காதளவுக்குப் போவதற்குள் தோளின் வெளிப்புறத்தில் சுருக்கென்று ஒரு வலி எழுந்து, மேற்கையின் பாதி வரை இறங்கியது. பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரும்வரை இடது கையால் இருக்கையின் பிடியைப் பற்றிக்கொண்டே நின்றேன். ஒரு மாதமாகவே வலப்பக்கம் சரிந்து படுக்கவும், காலையில் பின்னல் போடவும் சிரமப்பட்டு வந்தேன். ஆனாலும் விளையாட்டை நிறுத்த மனம் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடியதோடு சரி. 49 வயதில்தான் பிக்கிள்போல் மட்டையைக் கையில் எடுத்தேன். 1965இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் பிறந்த இந்த விளையாட்டின் களம் 44 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்டது. பட்மின்டன் இரட்டையர் களத்தின் அளவும் அதுவே. பந்து துளைகளிட்ட பிளாஸ்டிக். வலை நடுவில் 34 அங்குல உயரம்தான். சேர்வீஸையும் இடுப்புக்குக் கீழிருந்தே அடிக்க வேண்டும். இத்தனையும் பார்த்து, தோளுக்கு இதில் பெரிய வேலை இல்லை என்று நம்பினேன்.

தோளுக்கு வேலை வருவது எதிரணி நம் தலைக்கு மேலாகப் பந்தைத் தூக்கிப் போடும்போதுதான். அப்போது நாம் நின்ற இடத்திலிருந்தே முதுகை வளைத்து, கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் ஸ்மாஷ் அடிக்கிறோம். ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு சிறு தசைகளும் அவற்றின் தசைநார்களுமே மேற்கை எலும்பின் உருண்டைத் தலையைக் குழியின் நடுவில் நிறுத்தி வைக்கின்றன. நாற்பதைக் கடந்த தசைநார் பளுவுக்குப் பழகும், ஆனால் மெதுவாகத்தான் பழகும். நானோ வாரத்துக்கு ஒரு நாள் என்றிருந்த விளையாட்டை இரண்டே வாரங்களில் நான்கு நாளாக்கியிருந்தேன். என் நோவுக்கு மட்டையையோ வயதையோ காட்டிலும் அந்த அவசரமே காரணம் என்று இன்று உறுதியாக எண்ணுகிறேன்.

முதலில் நான் செய்த வைத்தியம் நம் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான்: தைலம், பனடோல், மூன்று வாரம் முழு ஓய்வு. நோவு அடங்கியது. திரும்பிப் போன முதல் நாளே பழையபடி அடித்தேன். அன்றிரவு நித்திரையே இல்லை. ஓய்வு வலியைத் தணித்ததே தவிர, தசைநாருக்கு ஒரு துளி பலத்தையும் கொடுக்கவில்லை. பிறகு எடுத்த ஸ்கேனில் “சிறு கிழிசல்” என்று எழுதியிருந்ததைப் பார்த்து, சத்திரசிகிச்சைதான் முடிவு என்று பயந்துபோனேன். என்னைப் பார்த்த இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்), வலியே இல்லாத நடுத்தர வயதினரிடமும் இத்தகைய கிழிசல்கள் சாதாரணமாகக் காணப்படுவதைப் பொறுமையாக விளக்கினார். தோள் எலும்பின் அடிப்பக்கத்தைச் செதுக்கி இடம் உண்டாக்கும் சத்திரசிகிச்சை, எதையும் செதுக்காத போலிச் சத்திரசிகிச்சையைவிடக் குறிப்பிடத்தக்க பயன் எதையும் தரவில்லை என்று பிரித்தானிய ஆய்வொன்று 2018இலேயே காட்டியிருந்ததையும் அவரிடமிருந்துதான் அறிந்தேன்.

அவர் தந்த முதன்மையான பயிற்சியை இன்றும் விடாமல் செய்கிறேன். பல்கனிக் கம்பியில் முழங்கை உயரத்தில் ஓர் இரப்பர் பட்டியைக் கட்டி, சுருட்டிய துவாய் ஒன்றை விலாவுக்கும் முழங்கைக்கும் இடையில் வைத்து, முழங்கையைச் செங்கோணமாக மடித்தபடி பட்டியை வெளிப்புறமாக இழுக்க வேண்டும். துவாய் விழக்கூடாது. திரும்பி வரும்போது பட்டி கையை இழுத்துக்கொண்டு போகவிடாமல், மூன்று எண்ணி மெதுவாக வர வேண்டும்; பலன் பெரிதும் அந்தத் திரும்பும் அசைவில்தான் இருக்கிறது என்று அவர் அழுத்திச் சொன்னார். ஒன்றுவிட்டு ஒரு நாள், பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று தடவை. செய்யும்போது இலேசாக நோகலாம். மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட்டால் பளு சரி, அடங்காவிட்டால் குறைக்க வேண்டும். தோள்பட்டை எலும்புகளைப் பின்னோக்கி இழுக்கும் பயிற்சியும் கூடவே உண்டு. தேங்காய் துருவ உட்கார்ந்து நோவில்லாமல் எழும்ப எனக்குப் பத்து வாரம் பிடித்தது.

களத்திலும் சிலவற்றை மாற்றினேன். பந்து உயர எழும்போது முதலில் உடலைப் பக்கவாட்டில் திருப்பி, காலால் பின்சென்று, பந்தை முகத்துக்கு முன்னால் வைத்தே அடிக்கிறேன். எட்டாத பந்தை நிலத்தில் ஒரு முறை குத்தவிட்டு எடுக்கிறேன். விதி அதை அனுமதிக்கிறது. முகத்தை வலைக்குத் திருப்பியபடி பின்னோக்கி ஓடுவதை அடியோடு விட்டுவிட்டேன், ஏனெனில் அப்படி ஓடி மல்லாந்து விழுந்து கையை ஊன்றுவதுதான் தசைநாரை ஒரேயடியாகக் கிழிப்பது. விளையாடுமுன் பத்து நிமிடம் நடையும் கைச்சுழற்சியும், பிறகு மெதுவான அடிகள், அதன்பின்பே ஸ்மாஷ்.

எல்லாத் தோள்நோவும் இந்த வகை அல்ல. எங்களுடன் விளையாடும் அண்ணா ஒருவருக்குச் சீனி வியாதி இருக்கிறது. “தங்கச்சி, உங்கட பட்டியை எனக்கும் ஒருக்கா காட்டுங்கோ” என்று கேட்டார். ஆனால் அவருடைய கையை இன்னொருவர் பிடித்துத் தூக்கினாலும் அது எழவில்லை. அது தோள் இறுகிப்போகும் ஃபுரோசன் ஷோல்டர். நீரிழிவு உள்ளவர்களிடம் கூடுதலாக வருவது. ஆற மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் எடுப்பது. அதற்கு வைத்தியரே வழிகாட்ட வேண்டும். தோளில் ஸ்டீரொய்ட் ஊசி போட்டால் சில நாட்களுக்குச் சீனி ஏறும் என்பதையும் அந்த அண்ணா போன்றவர்கள் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

விழுந்த பின் கையைத் தூக்கவே முடியாவிட்டால் வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். அத்தகைய கிழிசலுக்குச் சீக்கிரம் பார்ப்பதே பயன் தரும். விரல்வரை விறைப்பு இறங்கினால் கழுத்தைச் சோதிக்க வேண்டியிருக்கும். விளையாடும்போது இடத்தோளில் நோவும், கூடவே நெஞ்சில் இறுக்கமும், வியர்வையும், மூச்சுத்திணறலும் வந்தால் தைலத்தைத் தேடாமல் உடனே (இலங்கையில்) 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். அந்த இலக்கத்தை எங்கள் மண்டபத்தின் தண்ணீர்ப் போத்தல்கள் வைக்கும் மேசைக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படும்படி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.