மிஸஸ் பேட்மோருக்கு ஒரு எலக்ட்ரிக் கிட்டார்

லண்டனில் காது கேளாதவர்களுக்காக சப்டைட்டில் போடும் அலுவலகம் ஒன்றில் சில வருடம் வேலை பார்த்தேன். வசனம் எழுதுவது அதில் பாதிதான். கதவு சாத்தும் சத்தம், பியானோ, யாரோ மூச்சு வாங்குவது, இதற்கெல்லாம் இரண்டு மூன்று சொல்லில் பெயர் வைப்பது மீதிப் பாதி. மேலே ஒரு பிரபு குடும்பமும் கீழ்த்தளத்தில் அவர்களுடைய வேலைக்காரர்களுமாக ஓர் ஆங்கில மாளிகையில் நடக்கும் 'டவுன்டன் ஆபி' டிவி தொடரின் பழைய சப்டைட்டில்களைச் சரிபார்க்கும் வேலை வந்தபோது, எங்கள் குழுவில் நாலு பேர் அதன் தீவிர ரசிகர்கள். ஒருநாள் டீ நேரத்தில் ஒருத்தி ஆரம்பித்தாள், இதை ராக் இசை நாடகமாகப் போட்டால் எப்படி இருக்கும் என்று. அப்புறம் இரண்டு வாரம் வேறு பேச்சே இல்லை.

நடக்கவே நடக்காத கற்பனையும் இல்லை அது. தொடரை எழுதிய ஜூலியன் ஃபெல்லோஸ்தான் 'ஸ்கூல் ஆஃப் ராக்' இசை நாடகத்துக்கும் கதை வசனம் எழுதியவர். அது நியூயார்க்கின் பிராட்வே மேடை ஏறியதும் டவுன்டன் பிரிட்டிஷ் டிவியில் முடிந்ததும் ஒரே மாதம், 2015 டிசம்பர். பிரபுவின் மனைவி கோராவாக நடித்த எலிசபெத் மெக்கவர்ன் தனியாக இசைக்குழு வைத்துப் பாடுகிறவர். இதே மாதிரி பிரபு குடும்பங்களின் கதையான 'பிரிட்ஜர்டன்' தொடரைப் பார்த்துவிட்டு இரண்டு பெண்கள் டிக்டாக்கில் கட்டிய பாட்டுகள் ஆல்பமாகி 2022இல் கிராமியே வாங்கின.

கிட்டாரை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் சண்டை. பிரபுவின் மூத்த மகள் லேடி மேரிக்கு என்றார்கள், வேலைக்காரர் தாமஸுக்கு என்றார்கள். டிரம்ஸ் யார் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி: கீழ்த்தளத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கும் அந்த மணிகள். அந்தக் காலத்து மணிகளை வளைந்த கம்பியில் மாட்டியிருப்பார்கள், சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருக்கும், எந்த அறையில் கூப்பிட்டார்கள் என்று வேலைக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் ஓடுவார்கள். ஒருத்தர் கரண்டியால் டீ கோப்பையைத் தட்டி அந்த ஓட்டத்தின் தாளத்தைக் காட்டினார். எனக்குச் சிலிர்த்தது.

நான் கிட்டாரை சமையல்காரி மிஸஸ் பேட்மோருக்குக் கொடுத்தேன். முதல் சீசனில் அவருக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. சொன்னால் வேலை போய்விடும் என்று மறைக்கிறார். கடைசியில் ஒரு விருந்தில், இனிப்பின் மேல் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்து குட்டு உடைகிறது. அதுவரை முழுக்க அவர் செய்வது ஒன்றுதான், அடுப்படிப் பெண் டெய்சியைப் போட்டுத் திட்டுவது. மேல்மாடியில் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். கீழே இந்த அம்மாள் மட்டும் தொண்டை கிழியக் கத்துகிறார். ராக் பாட்டு அந்தத் தொண்டைக்குத்தானே பொருந்தும்? உப்பு விழும் இடத்தில் டிரம்ஸ் நிற்க வேண்டும், கிட்டார் ஒன்று மட்டும் ஒலிக்க, அவர் முதல்முறையாகத் தனக்குக் கண் தெரியவில்லை என்று பாட வேண்டும். மேசையில் இதைச் சொல்லி முடித்தபோது யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

சரி என்று என் இருக்கைக்குத் திரும்பி அந்த எபிசோடுகளை மறுபடி ஓட்டினேன். அவர் குரல் வரும் இடமெல்லாம் பழைய கோப்பில் 'கத்துகிறார்' என்றே இருந்தது, முதல் சுற்றில் நானும் அதைச் சரி என்று விட்டிருந்தேன். ஹெட்போனில் கண்ணை மூடிக் கேட்டால், கத்தலின் கடைசியில் குரல் லேசாக உடைவது தெரிகிறது. திரையில் அந்த வரி நிற்கும் நேரம் ஒன்றரை நொடி, ஒரு சொல்லுக்குத்தான் கூடுதல் இடம். 'பயந்து கத்துகிறார்' என்று எழுதி அழித்தேன், பயம் என்று நாமே சொல்லிவிடக் கூடாது. 'நடுங்கும் குரலில்' என்று ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாகப் போட்டு அனுப்பினேன்.