பூட்டிக் கிடக்கும் வீட்டை 360 டிகிரியில் எடுத்த ஆறு மாதம்

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்குத்தான் எங்கள் பங்காளிகள் வாட்ஸப் குழுவில் அந்த லிங்க்கைப் போட்டேன். தை மாதம் ஆரம்பித்த வேலை ஆடியில் முடிந்திருக்கிறது. சென்னையிலிருந்து மூன்று தடவை ஊருக்குப் போனேன். அதில் ஒன்று முழுக்க வீண், இன்னொன்று பாதிக்கு மேல் வீண். பூர்வீக வீட்டை இப்படிச் சுற்றிப் பார்க்கிற மாதிரி எடுத்து வைக்க ஆசைப்படுபவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். கேமராவை மேனுவலில் ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, நான் முட்டிக்கொண்ட இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

வீடு காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு ஊரில் இருக்கிறது. முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி, கிணற்றடி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வளவைச் சுற்றி எட்டு அறைகள், புள்ளிக்கு, அதாவது பங்காளிக் குடும்பத்துக்கு, ஒன்று. போன மழையில் இரண்டாங்கட்டு ஓடு ஒரு பக்கம் சரிந்துவிட்டது. அதைச் சரிசெய்வதா, அந்தக் கட்டையே பிரித்துவிடுவதா என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, எண்பத்தாறு வயது. மூட்டு வலியால் இனிப் பயணம் முடியாது. வீட்டை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று தினமும் ஒரு முறையாவது சொல்வார். பிரிப்பதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று அதனால்தான் கிளம்பினேன்.

முதல் பயணம் வீணானதற்குக் காரணம் கேமரா இல்லை, சாவி. குழுவில் 'வீட்டைப் போட்டோ எடுக்கப் போறேன்' என்று ஒரு வரி போட்டேன். நான்கைந்து பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, நண்பனிடம் இரவல் வாங்கிய சாமான்களோடு பல்லவன் ரயிலில் ஏறினேன். காலையில் போய் நின்றால் காவலுக்கு இருக்கும் அண்ணன் முகப்பைத் தாண்டி விடவில்லை. "ஒங்க பெரியப்பச்சி சொல்லாம வளவுக் கதவத் தெறக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காக தம்பி. போட்டோவ நெட்டுல போட்டா கண்ட ஆளும் பாப்பான்னு கோவப்படுறாக" என்றார். பெரியப்பச்சி, அதாவது என் பெரியப்பா, அப்போது மலேசியாவுக்கு விமானத்தில் இருந்தார். சாயங்காலம் வரை திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன்.

பெரியப்பச்சியின் பயம் நியாயமானது என்பது பிறகு அவரோடு பேசியபோதுதான் புரிந்தது. யாரும் குடியிருக்காத வீடு. எந்தக் கதவில் எந்தப் பூட்டு, எந்தச் சுவரில் என்ன படம், பின்வாசல் எங்கே திறக்கிறது என்பதையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து திருப்பித் திருப்பிப் பார்க்கலாம் என்றால் யாருக்கும் கவலை வரத்தான் செய்யும். அதனால் கூட்டு வீடு வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: குழுவில் போடும் ஒரு வரி அனுமதி ஆகாது. நான் எட்டுப் புள்ளிக்கும் தனித்தனியாகப் போன் பண்ணினேன். கூகுள் மேப்பில் ஏற்ற மாட்டேன், பாஸ்வேர்ட் இல்லாமல் திறக்காது, ஊர் பெயர் எங்கேயும் வராது, படக்கோப்பில் ஒட்டிக்கொள்ளும் இடக்குறிப்பை அழித்துவிடுவேன், சாமி அறையை எடுக்க மாட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பெரியப்பச்சியே, "படைப்புக்கு வா, எல்லாரும் வருவாக, சாவியும் வரும்" என்றார். படைப்பு என்பது முன்னோருக்குப் படையல் போட்டுக் கும்பிடுவது. வருஷத்தில் எல்லாப் பங்காளியும் கூடுகிற நாள் அது ஒன்றுதான்.

நடுவில் கிடைத்த நாட்களில் பயிற்சி எடுத்தேன். ட்ரைபாடின் மேல் பனோரமா ஹெட், அதில் 8 மில்லிமீட்டர் ஃபிஷ்ஐ லென்ஸ். 60 டிகிரிக்கு ஒன்றாகச் சுற்றி ஆறு படம், மேலே ஒன்று, கீழே ஒன்று. இதில் தவறவே கூடாதது, கேமரா சுழலும் அச்சு லென்ஸின் சரியான புள்ளியில் அமைவது. நோடல் பாயின்ட் என்று பேச்சில் சொல்கிறோமே, அது. பால்கனிக் கம்பியில் ஒரு நூலைத் தொங்கவிட்டேன். எதிர் வீட்டு ஜன்னல் விளிம்பை அந்த நூலுக்கு நேராக வைத்து, கேமராவை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தேன். நூல் விளிம்பை விட்டு விலகினால் கேமராவைத் தண்டில் ஒரு மில்லிமீட்டர் முன்னேயோ பின்னேயோ நகர்த்த வேண்டும். இரண்டு சாயங்காலம் ஆனது. ஆனால் ஒரு மீட்டர் தூரத்தில் தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்கும் வீட்டில் இதைச் செய்யாமல் போயிருந்தால் ஒவ்வொரு தூணும் இரண்டாகப் பிளந்திருக்கும். தண்டில் அந்த இடத்தை மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஊரில் போய்த் தேட நேரம் இருக்காது.

படைப்பு முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தேன். ஆறு அறைச் சாவிகள் வந்திருந்தன, இரண்டு வரவில்லை. மொத்தம் 22 இடங்கள் குறித்து வைத்திருந்தேன். வளவின் நடுவில் வானம் திறந்திருக்கிறது, சுற்றுத் தாழ்வாரம் இருட்டு. ஒரே அளவில் எடுத்தால் ஒன்று வெளுத்துவிடும், இல்லை இன்னொன்று கறுத்துவிடும். அதனால் ஒவ்வொரு படத்தையும் மூன்று வெளிச்ச அளவில் எடுத்தேன். இடத்துக்கு 24, மொத்தம் 528 படங்கள்.

ஊஞ்சல் கொஞ்ச நேரம் பாடாய்ப் படுத்தியது. காற்றுக்கு அது விரற்கடை அசைந்தாலும் மூன்று அளவுகளைச் சேர்க்கும்போது சங்கிலி நிழல் மாதிரி இரட்டித்துவிடும். கடைசியில் கொடிக்கயிற்றால் தூணோடு இழுத்துக் கட்டினேன்.

பெரிய அடி வேறு இடத்தில் விழுந்தது. ஃபோகஸ் வளையத்தை மேனுவலில் வைத்துவிட்டு அதன்மேல் டேப் ஒட்டாமல் விட்டுவிட்டேன். ஒன்பதாவது இடத்திலிருந்து பத்தாவதுக்கு ட்ரைபாடைத் தூக்கிப் போகும்போது கை பட்டு வளையம் நகர்ந்திருக்கிறது. கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது. சென்னை வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால், பத்து முதல் இருபத்திரண்டு வரை பதின்மூன்று இடமும் மங்கல். அன்று ராத்திரி சாப்பிடவே தோன்றவில்லை. ஐந்து ரூபாய் டேப் போதும், ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் முதல் படத்தைத் திரையில் முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

நல்லதாக இருந்த ஒன்பதை ஹியூகினில் ஒட்ட உட்கார்ந்தேன். படங்களை ஒன்றாக ஒட்டித் தரும் இலவச மென்பொருள், இந்த வேலைக்கு நன்றாகவே போதும். ஆனால் தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். பக்கத்துப் பக்கத்துப் படங்களில் ஒரே புள்ளி எது என்று மென்பொருள் தானாகத் தேடும். இங்கே எல்லாக் கல்லிலும் ஒரே பூ. ஒரு கல்லின் பூவை அடுத்த கல்லின் பூவோடு சேர்த்துவிட்டது. வளவின் தரை படி இறங்கின மாதிரி உடைந்து நின்றது, சராசரிப் பிழை 14 பிக்சல்.

தானாகத் தேடிய தரைப் புள்ளிகள் அத்தனையையும் அழித்துவிட்டுக் கையால் வைக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் அந்தத் தரையை முதன்முதலாக உற்றுப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, கலர் சிமென்ட்டைக் கையால் ஊற்றிச் செய்கிற கல் அது. அதனால் எந்த இரண்டும் அச்சு அசல் ஒன்றாக இருப்பதில்லை. ஒன்றில் பச்சை இதழைத் தாண்டிக் கசிந்திருக்கும், ஒன்றில் மூலை சிதைந்திருக்கும், தூணோரம் ஒன்றில் உலக்கை விழுந்த மாதிரி ஒரு பொட்டு. அந்தக் குறைகளை அடையாளமாக வைத்துத்தான் படத்துக்குப் படம் ஏழெட்டுப் புள்ளி வைத்தேன். பிழை 2 பிக்சலுக்குக் கீழே வந்தது, தரை ஒட்டிக்கொண்டது.

மங்கலான பதின்மூன்றையும் மறுபடி எடுக்கப் போன மூன்றாவது பயணத்தில் இதற்கு ஒரு வழி செய்துகொண்டேன். கிழித்த காகிதத் துண்டுகளில் எண் எழுதித் தரையில் பரப்பி ஒரு சுற்று எடுத்தேன். பிறகு ட்ரைபாடைத் தொடாமல் காகிதங்களைப் பொறுக்கிவிட்டு இன்னொரு சுற்று. முதல் சுற்றை ஒட்டி, அதையே டெம்ப்ளேட்டாக இரண்டாவது சுற்றுக்குப் போட்டால் உடனே பொருந்திவிடுகிறது. கீழே ட்ரைபாட் கால் தெரியும் இடத்தில் வட்டமாக லோகோ வைத்து மறைப்பது வழக்கம். ஆயா தினமும் நடந்த தரையை மூட எனக்கு மனசு வரவில்லை. ட்ரைபாடை நகர்த்திவிட்டுக் கையில் பிடித்து ஒரு படம் எடுத்து, கால்களுக்கு மாஸ்க் போட்டு ஒட்டினேன்.

ஒட்டி முடித்ததை ஆர்வத்தில் குழுவில் அனுப்பிப் பார்த்தது தப்பு. அகலம் இரண்டு பங்கு, உயரம் ஒரு பங்கு என்று விரித்த படம் அது. வாட்ஸப்பில் சப்பையான போட்டோவாகத்தான் போகும். 'வீடு ஏன் இப்படி வளைஞ்சு கெடக்கு' என்று பதற்றமாக இரண்டு பேர் போன் பண்ணினார்கள். சுற்றிப் பார்க்கும் வியூவர் இல்லாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

வியூவர் விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். கூகுளின் டூர் கிரியேட்டர் 2021 ஜூனில் மூடப்பட்டது. ஸ்ட்ரீட் வியூ செயலி 2023 மார்ச்சோடு போய்விட்டது. ஆறு மாத உழைப்பை இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் வைக்க வேண்டாம் என்று, திறந்த மூல மென்பொருளான பன்னெல்லத்தைத் தேர்ந்தெடுத்தேன். கோப்புகள் எல்லாம் நம் கையிலேயே இருக்கும். எந்தப் படம், எங்கே அம்பு என்கிற கட்டமைப்பை எழுத்தாக எழுத வேண்டும், அவ்வளவுதான். கோப்பை இரட்டைக் கிளிக் செய்து பிரவுசரில் திறந்தால் படம் வராது, பிரவுசரின் பாதுகாப்பு விதி தடுத்துவிடும். கம்ப்யூட்டரிலேயே ஒரு சின்ன சர்வரை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பைத்தான் இருந்தால் ஒரே வரிக் கட்டளை. பட்டியலின் கடைசியில் ஒரு கமா மிச்சம் இருந்தாலும் மொத்தமும் நின்றுவிடும்.

என் கம்ப்யூட்டரில் ஓடியது ஹோஸ்டிங்கில் ஏற்றியதும் பாதி ஓடவில்லை. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. காரணம், சில கோப்புகளின் கடைசியில் ஜேபிஜி என்பது பெரிய எழுத்தில் இருந்தது, நான் கட்டமைப்பில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தேன். விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் விடாது. கோப்புப் பெயர் எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே சின்ன எழுத்தாக்கிவிடுங்கள்.

அப்புறம் ஆயாவின் பழைய டேப்லெட்டில் 8000 பிக்சல் அகலப் படம் திறக்கவே இல்லை. 4096 ஆகக் குறைத்ததும் திறந்தது, ஆனால் நிலைக்கதவின் செதுக்கல் மழுங்கிவிட்டது. பன்னெல்லத்தோடு வரும் ஸ்கிரிப்ட் ஒன்று படத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டித் தரும், பார்க்கும் பக்கம் மட்டும் இறங்கும். முகப்புக்கும் வளவுக்கும் அப்படிச் செய்தேன்.

இனி இணைப்பு. எடுப்பதைவிட இதுதான் கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. 22 இடங்களுக்கு நடுவே 27 வழிகள், போக ஒன்று வர ஒன்று என்று 54 அம்புக்குறிகள். பன்னெல்லத்தில் ஹாட்ஸ்பாட் டீபக் என்ற அமைப்பை உயிர்ப்பித்துவிட்டுப் படத்தில் கிளிக் செய்தால் அந்த இடத்தின் கோணம் பிரவுசர் கன்சோலில் வரும், அதை எடுத்து எழுதலாம். அம்பு வைப்பது மட்டும் போதாது. அடுத்த இடத்துக்குள் நுழையும்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். நான் ஒவ்வொரு இடத்திலும் கேமராவை வசதிப்பட்ட பக்கம் திருப்பி ஆரம்பித்திருந்தேன். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் பூஜ்யம் வெவ்வேறு திசை. எல்லா இடத்திலும் முதல் படத்தை ஒரே திசை பார்த்து எடுங்கள். எடுத்திருந்தால் கோணத்தை அப்படியே அடுத்த படத்துக்குக் கொண்டுபோக ஒரே சொல்லில் எழுதியிருக்கலாம். நான் 54 கோணத்தையும் கையால் கணக்குப் போட்டேன்.

அதிலும் தப்பு இருந்ததை ஆயாதான் கண்டுபிடித்தார். டேப்லெட்டை மடியில் வைத்து, முகப்பிலிருந்து வளவுக்கு வந்து, இரண்டாங்கட்டு அம்பைத் தொட்டார். "ஏன்டா, நான் உள்ள போறேன், இது வாசலப் பாத்து நிக்குது?" என்றார். நூற்றெண்பது டிகிரி பிசகியிருந்தது. அதைத் திருத்திக் கொடுத்ததும் அடுப்படிக்குப் போனார். விரலால் வலது பக்கம் தள்ளித் தள்ளி எதையோ தேடினார். "பக்கக் கதவுல வழி இல்லையே. கெணத்தடிக்கு அந்த வழியாத்தான் போவோம். பின்வாசல் வழியா யாரு சுத்துவா, கையில தவலையோட?" நான் பின்வாசல் வழியாக மட்டும் இணைத்திருந்தேன். என் 27-இல் அந்தக் கதவு இல்லை. அன்றைக்கே 28-ஆவது வழியைச் சேர்த்தேன். உங்கள் வீட்டில் நடந்து பழகியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இணைப்பை எழுதுங்கள்.

பாஸ்வேர்ட் போட்டு, இடக்குறிப்புகளை அழித்து, பெரியப்பச்சிக்கு மட்டும் முதலில் காட்டினேன். பின்வாசல் பூட்டை மங்கலாக்கச் சொன்னார், மங்கலாக்கினேன். அதற்குப் பிறகுதான் நேற்று ராத்திரி குழுவில் போட்டேன்.

காலையில் எழுந்தால் கோலாலம்பூரிலிருந்து ஒரு அண்ணன் பேசி அனுப்பியிருந்தார். பூட்டிக் கிடக்கிற இரண்டு அறையில் ஒன்று அவர்களுடையது. அதில் அம்பு இல்லாததைப் பார்த்திருக்கிறார். "சாவி எங்கிட்டத்தான் இருக்கு. தீபாவளிக்குக் கொண்டாறேன். எங்க அறையையும் எடுத்துரு" என்றார். நண்பனிடம் லென்ஸை மறுபடி கேட்டு வைத்திருக்கிறேன்.