எட்டு வருடம் நின்ற புல்லட் டேங்க்: துரு எடுத்த முறை

வண்டி வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350, திருவொற்றியூரில் செய்தது. எட்டு வருடமாகக் கடலோரத்து வீட்டில், கால் டேங்க் பெட்ரோலோடு நின்றிருக்கிறது. மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசனையே இல்லை. பழைய வார்னிஷ் டப்பாவின் புளித்த நெடிதான். அடியில் தேன் நிறப் பிசின், மேல்தகட்டின் உள்பக்கம் செம்மண் பூசியதுபோல் துரு. அரைகுறை பெட்ரோலோடு நிறுத்திய வண்டிகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பெட்ரோல் நின்ற இடம் பிசினாகிறது. காற்று நின்ற இடத்தில் இரவு பகல் சூட்டு மாற்றத்தால் நீர் வியர்த்து, துரு பிடிக்கிறது.

இந்த டேங்கை மாற்ற மனம் வராததற்குக் காரணம் வெளியே இருக்கிறது. பக்கவாட்டில் ஓடும் பொன்னிறக் கோடு ஆலையில் ஒருவர் கையால் இழுத்தது. ஆசிட் ஒரு சொட்டு வழிந்தாலும் அது போய்விடும். அதனால் வேலையை முடிக்கக்கூடியதில் மிக மென்மையான மருந்து எதுவோ, அதை மட்டும் எடுத்துக்கொள்வது என்று முடிவு.

முதல் நாள் பழைய பெட்ரோலை இறக்கியது. திறந்த வெளியில், பக்கத்தில் அடுப்பு, சுவிட்ச், சிகரெட் எதுவும் இல்லாமல் செய்ய வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய்த் தீயைத் தேடும். நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து, உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்பதால். டேங்க் நடுவில் வண்டிச் சட்டத்துக்கு (ஃபிரேம்) இடம் விட்டு வளைந்திருக்கிறது. டேப் (அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்) வழியாக இறக்கினால் எதிர்ப்பக்கப் பள்ளத்தில் கொஞ்சம் தங்கிவிடும். டேங்கைக் கழற்றிக் கவிழ்த்துத்தான் அதை வெளியே எடுக்க முடியும். தண்ணீரும் துருத்தூளும் சேர்ந்த சேறு அங்கேதான் கிடந்தது. இறக்கியதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. கேனில் அடைத்துப் பழைய எண்ணெய் எடுப்பவரிடம் கொடுக்க வேண்டும்.

அடுத்தது பிசின். பலர் இதைத் தாண்டி நேராக ஆசிட்டுக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு நாள் ஊறியும் துரு அசையவில்லை என்கிறார்கள். பிசினும் எண்ணெயும் படிந்த இடத்தில் எந்தத் துரு மருந்தும் இறங்காது. ஒரு லிட்டர் தின்னர் ஊற்றி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டேங்கைப் புரட்டி, ஒரு மணி நேரம் கழித்து வடித்தபோது கறுப்பு டீ போல வந்தது. இரண்டாம் முறை வெளிறிய மஞ்சள். தின்னர் பெயின்டைக் கரைக்கும் என்பதால் மூடி வாயைச் சுற்றி மைதா பசையில் காகிதம் ஒட்டி, அதன்மேல் பழைய துணி சுற்றிவைத்தோம். பிறகு 100 மில்லி பாத்திரம் கழுவும் லிக்விட், ஒரு வாளி வெந்நீர். நுரை போகும்வரை நான்கு அலசல். உள்ளே தண்ணீர் மணிமணியாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. படலமாகப் பரவினால் சுத்தம்.

உதிரும் செதிலுக்கு 6 மி.மீ. நட்டுகள். எண்ணி 40 போட்டு, ஒரு லிட்டர் சோப்புத் தண்ணீரோடு பழைய கம்பளியில் சுற்றி, கால்மணி நேரம் எல்லாப் பக்கமும் குலுக்கியது. எண்ணித்தான் போட வேண்டும். 39 வந்தால் அந்த ஒன்று வரும்வரை கவிழ்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மடிப்பு ஓரத்தில் ஒளிந்திருக்கும். ஜல்லி போடுவதில் உடன்பாடு இல்லை. அது உடையும், சில்லு டேப் வாயில் சிக்கும், காந்தத்துக்கும் வராது.

மூன்றாம் நாள் துரு. டேப் கழற்றிய ஓட்டைக்கு அதே மரையுள்ள போல்ட், ரப்பர் வாஷரோடு. டேப்பை மாட்டியபடியே ஆசிட் ஊற்றினால் டேப்பின் உலோகம் பாழாகும். தண்ணீர் அளந்து ஊற்றியதில் 14 லிட்டருக்குச் சற்று மேல் பிடித்தது. 700 கிராம் சிட்ரிக் ஆசிட், அதாவது மளிகைக் கடை எலுமிச்சை உப்பு, கை பொறுக்கும் வெந்நீரில் கரைத்தால் 5 சதவீதக் கரைசல். கழுத்துவரை நிரப்ப வேண்டும். குறைவாக ஊற்றினால் மோசமான துரு இருக்கும் மேல்தகடு நனையாது. மூடியை இறுக்கவில்லை, வாயு வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பட்டறைகளில் டாய்லெட் ஆசிட் ஊற்றி அரைமணியில் பளபளப்பாக்கித் தருவதுண்டு. அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட்: துருவோடு நிற்காது, தகட்டையும் தின்னும். மடிப்பில் தங்கும் குளோரைடு மறுபடி துருவை இழுக்கும். மெல்லிய தகட்டில் அந்த அரைமணி நேரம் ஓட்டையாக முடியலாம். சலவைச் சோடாவும் பேட்டரி சார்ஜரும் வைத்துச் செய்யும் மின்பகுப்பு முறையும் நல்லதுதான். ஆனால் டேங்குக்குள் இறக்கும் கம்பி நேருக்கு நேர் பார்க்கும் இடத்தில்தான் துரு நன்றாக விடும். சட்டத்துக்காக வளைந்த இந்த டேங்கில் இரு பள்ளங்களிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

ஆறு மணி நேரத்தில் கரைசல் பச்சை கலந்த மஞ்சளானது. 24 மணி நேரத்தில் மேல்தகடு சாம்பல் நிறம். இடது பள்ளத்தின் மடிப்பில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் துரு மிச்சம். அதற்காகப் புதுக் கரைசல், இன்னொரு 12 மணி நேரம். அதற்கு மேல் விட்டால் வெறும் தகட்டைத்தான் தின்னும்.

வடித்த உடனே நிறுத்தாமல் ஓட வேண்டிய கட்டம் இது. ஆசிட் பட்ட வெறும் இரும்பு ஈரத்தில் சில நிமிடங்களில் ஆரஞ்சு நிறமாகும். முதலில் தண்ணீர், பிறகு 150 கிராம் ஆப்ப சோடா கரைத்த தண்ணீர் (பொங்கும், மூடி திறந்தே இருக்கட்டும்), கடைசியாக 100 கிராம் சலவைச் சோடா கரைத்த நல்ல வெந்நீர். கார நீரில் துரு தாமதமாகும். சூடான தகடு தானே பாதி உலரும். உடனே கவிழ்த்து, ஹேர் டிரையரை மூடி வாயில் வைத்து, டேப் ஓட்டை வழியாகக் காற்று வெளியேற 40 நிமிடம். சீக்கிரம் உலர ஸ்பிரிட் ஊற்றி அலசுபவர்கள் உண்டு. ஸ்பிரிட் ஆவி நிற்கும் டேங்கில் ஹேர் டிரையரின் சூட்டுக்கம்பி காட்டினால் தீப்பிடிக்கும். ஒன்று ஸ்பிரிட், அல்லது டிரையர். இரண்டும் சேரக் கூடாது.

கசிவுக்கு மண்ணெண்ணெய் ஒரு லிட்டர். அடிமடிப்பு நெடுக வெளியே வெள்ளைச் சாக்பீஸ் தடவி, டேங்கைச் சாய்த்துச் சாய்த்து ஒரு இரவு. மண்ணெண்ணெய் தண்ணீர் புகாத ஓட்டையிலும் புகும். காலையில் பார்த்தபோது டேப் திருகும் கழுத்தருகே கடுகளவு சாம்பல் புள்ளி. அதுவரை துருவே அந்த ஓட்டையை அடைத்திருக்கிறது. டேங்கை மறுபடி சோப்பில் அலசி, தண்ணீர் நிரப்பி ஆவியை விரட்டிய பிறகு, தண்ணீரோடேயே சாய்த்துப் பிடித்து ஓட்டைப் பக்கம் மட்டும் வெறுமையாக்கி, டிங்கர் பித்தளைப் பற்று வைத்தார். பிறகு முன்போலவே அலசலும் உலர்த்தலும். உள்ளே எபாக்சி கோட்டிங் போடவில்லை. ஒரு ஓட்டைக்காக டேங்க் முழுக்கப் பூசினால், என்றாவது அது உரிந்து தாள்தாளாக டேப்பை அடைக்கும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதைத் தாங்காத கோட்டிங் இளகியும் போகும்.

அரை லிட்டர் பெட்ரோலில் 100 மில்லி 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டி ஆயில்) கலந்து உள்சுவர் முழுக்க நனையப் புரட்டியது. டேப்பின் வலைக் குழாய் புதிது, வாஷர் புதிது, ஹோஸும் எத்தனால் தாங்கும் வகை. மூடியின் காற்றுத் துளையை மெல்லிய கம்பியால் குத்திவிட்டோம். அது அடைத்திருந்தால் வண்டி இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும், மூடியைத் திறந்தால் உஸ் என்று காற்று இழுத்து மறுபடி ஓடும். பலர் கார்புரேட்டரைத் தேவையில்லாமல் பிரிப்பது இதனால்தான். ஃபில்டருக்குக் காகித வகை வேண்டாம். இங்கே பெட்ரோல் தன் எடையில்தான் இறங்குகிறது, ரிசர்வில் போதாமல் போகும். நைலான் வலை போதும்.

ஐந்து லிட்டர் ஊற்றி 40 கிலோமீட்டர் ஓட்டியபின் கார்புரேட்டரின் அடிக்கிண்ணமான ஃப்ளோட் பவுலைத் திறந்ததில், அடியில் நகக்கண் அளவு செந்தூள். துடைத்து மூடியாயிற்று. 200 கிலோமீட்டரில் மறுபடி திறக்க வேண்டும். அதுவரை டேங்க் எப்போதும் முக்கால் அளவுக்கு மேல்.