வோர்ஸ்டர்மான் செதுக்கிய சிலுவையிறக்கம்

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் தன்னிடமுள்ள பழைய அச்சுப்படங்களை, எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்கும்படி இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. ஒரு வாரமாக ராத்திரியில் எனக்கு அதுதான் வேலை. அதிலும் திரும்பத் திரும்பப் போய் நிற்பது ஒரே படத்தில்: 1620இல் லூக்காஸ் வோர்ஸ்டர்மான் செப்புத் தகட்டில் செதுக்கிய, இயேசுவைச் சிலுவையிலிருந்து இறக்கும் காட்சி.

மூலம் ஆன்ட்வெர்ப் நகரத்து (இன்றைய பெல்ஜியம்) ஓவியர் ரூபன்ஸுடையது. ஆன்ட்வெர்ப் பேராலயத்துக்காக 1611 முதல் 1614 வரை அவர் வரைந்த மூன்று பலகை ஓவியத்தின் நடுப்பலகை, நான்கு மீட்டருக்கும் மேல் உயரம். அதை அரை மீட்டர் சொச்சம் உள்ள ஒரு தாளுக்குக் கொண்டுவர வேண்டும். வண்ணம் கிடையாது. யோவானின் சிவப்பு உடை, வெள்ளைத் துணி, அதைவிட வெளிறிய உடல், எல்லாவற்றுக்கும் கோடு ஒன்றுதான் வழி. உளியை அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும், கை தவறினால் தகட்டைத் தேய்த்துச் சரிசெய்வது பெரும்பாடு. இதை "நகல்" என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுகிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. உச்சியில் ஏணிமேல் குனிந்து, துணியின் ஓரத்தைப் பல்லால் கவ்விப் பிடித்திருக்கும் அந்த ஆளைப் பாருங்கள். கை இரண்டும் போதவில்லை என்று வாயையும் கொடுக்கிறார். அந்தப் பாரம் கோட்டிலும் இறங்கியிருக்கிறது.

வோர்ஸ்டர்மான் பிறந்தது வடக்கே, இன்றைய நெதர்லாந்தின் சால்ட்பொம்மல் ஊரில். அப்போது வடக்கு தனிக் குடியரசு, ஆன்ட்வெர்ப் இருந்த தெற்கு ஸ்பெயினின் ஆதிக்கத்தில். 1609 முதல் 1621 வரை போர்நிறுத்தம். தன் படங்களை அடுத்தவர்கள் செதுக்கி விற்றுவிடக் கூடாதென்று ரூபன்ஸ் பிரான்சிலும் தெற்கிலும் மட்டுமல்ல, டச்சுக் குடியரசிலும் உரிமை கேட்டார். டச்சுக்காரர்கள் முதலில் மறுத்து, 1620இல்தான் ஏழு ஆண்டுகளுக்குக் கொடுத்தார்கள். அதனால்தான் இந்தப் படங்களின் அடியில் மூன்று அதிகாரங்களின் உரிமையும் லத்தீனில் பொறித்திருக்கும். அதே ஆண்டு வந்த, பைபிள் கதையிலுள்ள சூசன்னாவின் படத்தை டச்சுக் கவிஞர் அன்னா ரூமர்ஸ் விஸ்ஸருக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார்கள். வடக்கு வாசகர்களை அவர்கள் மறக்கவில்லை.

வோர்ஸ்டர்மான் செதுக்கியது ரூபன்ஸுக்காகத்தான். சோதனைப் பிரதிகளில் ரூபன்ஸ் தூரிகையால் திருத்தம் போடுவார். திருத்தத்துக்கு ஏற்ப மறுபடி செதுக்க வேண்டும். இருவருக்கும் தகராறு முற்றிக்கொண்டே போய், 1622இல் ரூபன்ஸின் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டுமென்று அவருடைய நண்பர்கள் தெற்கின் ஆட்சியாளர் இசபெல்லாவிடம் மனு கொடுக்கும் அளவுக்குப் போயிற்று. வோர்ஸ்டர்மான் அப்புறம் சில ஆண்டுகள் இங்கிலாந்தில் இருந்தார். யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோடுகளை அத்தனை நேரம் பார்த்த பிறகு, செதுக்கியவர் மேல்தான் மனசு சாய்கிறது. ரூபன்ஸின் செதுக்கு வேலை பிறகு பவுலுஸ் பொன்டியுஸுக்கும், வடக்கே ஃபிரீஸ்லாந்தின் பொல்ஸ்வார்ட் ஊரிலிருந்து வந்த பொல்ஸ்வெர்ட் சகோதரர்களுக்கும் போனது.

சரி, இந்தத் தாள் எங்கெல்லாம் போயிற்று? டச்சு ஓவியர் இளம் ரெம்பிராண்ட்டின் கைக்கு வந்து சேர்ந்தது. ஆன்ட்வெர்ப் ஓவியத்தை அவர் அறிந்தது இந்த அச்சுப்படம் வழியாகத்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1633இல் அவரும் சிலுவையிறக்கம் வரைந்தார், இப்போது மியூனிக்கில் இருக்கிறது. ரூபன்ஸின் இயேசு இறந்த பிறகும் கட்டுக்குலையாத உடல் கொண்டவர். ரெம்பிராண்ட்டிடம் உடல் தொய்ந்து மடங்கி, வெறும் கனமாகச் சரிகிறது. ஏணியில் நீல உடையில் நின்று அந்த உடலைத் தாங்குகிறவருக்கு ரெம்பிராண்ட்டின் முகம்.