புயல் பருவத்தில் கிரெனடாவில் ஒரு படகு வாழ்க்கை

கரீபியன் தீவு நாடான கிரெனடாவின் தென்கரையில் உள்ள ஒரு விரிகுடாவில் எங்கள் பாய்மரப் படகு நங்கூரமிட்டிருக்கிறது. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீளும் அட்லாண்டிக் புயல் பருவத்தில், மயாமியிலுள்ள தேசியச் சூறாவளி மையம் காலை 8 மணிக்கு வெளியிடும் அறிக்கையைப் பார்த்த பிறகே மற்ற வேலைகள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் அந்த அறிக்கை, அடுத்த 7 நாட்களில் புயல் உருவாக வாய்ப்புள்ள இடங்களை, வாய்ப்பு கூடக்கூட மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்களில் காட்டும்.

ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அடுத்தடுத்துக் கிளம்பி மேற்கே வரும் வெப்பமண்டல அலைகளில் (புயலாக வளரக்கூடிய தாழ்வழுத்தப் பட்டைகள்) பெரும்பாலானவை மழையோடு கடந்துவிடுகின்றன. சஹாராவின் தூசு கலந்த வறண்ட காற்று படர்ந்திருந்தாலோ, மேலே வீசும் காற்று கீழ்க்காற்றுக்கு முரணாக இருந்தாலோ, அவை தலைதூக்க முடியாமல் சிதைந்துபோகும். இந்தத் தடைகள் இல்லாமல், கடல்நீரும் 26.5 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும்போதுதான் எனக்குக் கவலை பிடித்துக்கொள்கிறது.

வரைபட மேசைக்கு மேலே மாட்டியிருக்கும் காற்றழுத்தமானியை நான் இன்னும் கைவிடவில்லை. இப்பகுதியில் அழுத்தம் காலையிலும் இரவிலும் 10 மணியளவில் உச்சத்தையும், விடியற்காலையிலும் மாலையிலும் 4 மணியளவில் தாழ்வையும் தொடும். இடையே ஏறக்குறைய 3 மில்லிபார் வேறுபாடு இருக்கும். இந்த வழக்கமான ஏற்றஇறக்கத்தைத் தினமும் பென்சிலால் குறித்து வந்தால்தான், காலை 9 மணிக்கு ஏறியிருக்க வேண்டிய முள் இறங்கி நின்றால் புயல் நெருங்கக்கூடும் என்பது விளங்கும்.

ஆனால் முள் இறங்கிய பிறகு புறப்படுவது காலம் கடந்த செயல். 2024 ஜூன் 28 அன்று தாழ்வு மண்டலமாக உருவான பெரில், ஜூலை 1 அன்றே நான்காம் வகைச் சூறாவளியாக, கிரெனடாவைச் சேர்ந்த காரியாகூ தீவைத் தாக்கியது. அங்கே அலையாத்திக் காட்டுக்குள் கட்டிவைத்திருந்த படகுகள்கூட ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து நொறுங்கின. மணிக்கு 5 கடல் மைல் ஓடும் படகு நாளொன்றுக்கு 120 கடல் மைலைத்தான் கடக்கும். வரைபடத்தில் வரையப்படும் முன்னறிவிப்புக் கூம்புக்கு வெளியே இருக்கிறோம் என்று நிம்மதி அடைவோரைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருக்கிறது. கூம்பு காட்டுவது புயலின் மையம் செல்லக்கூடிய பாதையைத்தான், அதுவும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நேரங்களில் மட்டுமே பொருந்தும். காற்றின் வீச்சோ அதைத் தாண்டியும் பரவும்.

ஆகவே, புயலுக்குப் பெயர் சூட்டும் வரை நாங்கள் காத்திருப்பதில்லை. எங்களுக்குக் கிழக்கே ஆரஞ்சு நிறம் தெரிந்து, மேற்சொன்ன தடைகளும் இல்லையென்றால், தெற்கே ஓர் இரவுப் பயணத் தொலைவிலுள்ள டிரினிடாடுக்குப் புறப்பட்டுவிடுவோம். அதற்காகவே டீசல் கலம் எப்போதும் நிறைந்திருக்கும். படகின் அடிப்பகுதியில் ஒட்டும் சிப்பிகளையும் அவ்வப்போது சுரண்டிவிடுகிறோம்.